வந்தவர் எத்தனை நாள் தங்கலாம்? ஏழைகளையும் புதியவர்களையும் பெங்களூரு நடத்திய விதம்

பெங்களூரு: மெஜஸ்டிக் பகுதியின் நெரிசலுக்கு நடுவே, நகர ரயில் நிலையத்தின் அருகில் ஒரு பழைய சத்திரம் உள்ளது. குப்பி தோட்டதப்பா என்ற வணிகர் 1897ஆம் ஆண்டு நிறுவிய சத்திரம் அது. ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்வாசி, தெரிந்தவர் யாரும் இல்லாத ஊரில் இரவைக் கழிக்க ஒரு கூரை வேண்டும் என்பதே அதன் நோக்கமாக இருந்தது.

தென்னிந்தியச் சிற்றூர்களுக்குச் சத்திரம் புதிதன்று. யாத்திரை வழிகளிலும் சந்தை ஊர்களிலும் அரசர்களும் வணிகர்களும் சத்திரங்களைக் கட்டினர். வந்தவர் யார், எங்கிருந்து வருகிறார் என்று துருவிக் கேட்காமல் சோறிடுவது அறமாகக் கருதப்பட்டது. சாதிக்கேற்பப் பந்தி பிரிந்திருந்தது என்பதும் உண்மையே. ஆனால், பெரும்பாலான சத்திரங்களில் பொதுவாக ஒரு விதி இருந்தது. மூன்று நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது.

வழிப்போக்கருக்குத் தாராளமாகத் திறந்த கதவு, அங்கேயே தங்கிவிட நினைப்பவருக்கு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. "எத்தனை நாளாக இங்கே இருக்கிறாய்?" என்ற கேள்வி அங்கிருந்து தொடங்குகிறது. மண்கோட்டை ஊராக இருந்த பெங்களூரு மாநகரமாக வளர்ந்த பிறகும் அந்தக் கேள்வி மறையவில்லை. அது சட்டங்களிலும் அடையாள அட்டைகளிலும் நீதிமன்ற உத்தரவுகளிலும் புகுந்து, யாருக்கு வீடு, யாருக்கு வேலை, யாருக்கு இலவசப் பேருந்து என்பதைத் தீர்மானித்து வருகிறது.

*பேட்டைக்குள் யாருக்கு இடம்?*

கெம்பே கவுடா 1537ஆம் ஆண்டு மண்கோட்டை எழுப்பி உருவாக்கிய ஊர்தான் பழைய பெங்களூரு. 'பேட்டை' என அழைக்கப்பட்ட அந்தப் பகுதியின் தெருப்பெயர்களைப் படித்தாலே, யாரை நம்பி அந்த ஊர் கட்டப்பட்டது என்பது விளங்கும். அரிசி வணிகத்துக்கு அக்கிப்பேட்டை, பருத்திக்கு அரளேப்பேட்டை, வளையலுக்கு பளேப்பேட்டை, குயவருக்கு கும்பாரப்பேட்டை, எண்ணெய் ஆட்டுவோருக்கு காணிகரப்பேட்டை. இவர்களில் பலர் வெளியூர்களிலிருந்து வந்தவர்கள். கைத்தொழிலும் முதலும் கொண்டு வந்தவருக்கு ஊர் இடம் கொடுத்தது.

கைத்தொழில் இல்லாமல் கூலி உழைப்பை மட்டும் கொண்டு வந்தவரின் நிலை வேறு. பழைய தென்னிந்திய ஊர்கள் பலவற்றைப் போலவே இங்கும் ஒடுக்கப்பட்ட சாதியினரின் குடியிருப்புகள் ஊரின் விளிம்பில்தான் இருந்தன. அல்சூர் வாயில், எலஹங்கா வாயில் எனப் பெயர் பெற்ற கோட்டை வாயில்கள், ஊருக்குள் இருப்பவர் யார், வெளியே நிற்பவர் யார் என்பதைக் கண்கூடாகக் காட்டின.

இருப்பினும், வந்தவர்கள் ஊரின் உயிராகவே மாறிய எடுத்துக்காட்டும் இங்கு உண்டு. பெங்களூரின் மிகப் பெரிய பாரம்பரிய விழாவான கரகத்தை நடத்துவது திகளர் சமூகம். தோட்டக்கலையைத் தொழிலாகக் கொண்ட இச்சமூகத்தினர், தமிழ்நிலத்துடன் பூர்விகத் தொடர்பு கொண்டவர்கள் எனக் கருதப்படுகின்றனர். தர்மராயர் கோயிலில் இருந்து புறப்படும் கரகம், வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் சென்று வருகிறது.

*இங்கிலாந்தின் 40 நாள் விதி*

வந்தவரின் காலத்தை எண்ணும் வழக்கம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அதை முறையான சட்டமாக எழுதிய நாடு இங்கிலாந்து. அங்கு 1662ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குடியமர்வுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைவான வாடகை வீட்டில் குடியேறும் புதியவரை, அவர் வந்த 40 நாட்களுக்குள் புகார் அளித்து அவரது சொந்தத் திருச்சபை வட்டத்துக்குத் திருப்பி அனுப்பலாம். 'இவர் நாளை நம் ஊரின் தர்ம நிதிக்குச் சுமையாகிவிடுவார்' என்ற அச்சமே அதற்கு அடிப்படை. அதாவது, அவர் பிச்சை கேட்டிருக்க வேண்டியதில்லை. கேட்கக்கூடும் என்ற ஊகமே போதும்.

வட்ட நிதியில் உதவி பெறும் ஏழைகள் தோளில் அடையாள வில்லை அணிய வேண்டும் என்று 1697ஆம் ஆண்டு மற்றொரு சட்டம் வந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போன்ற குடியேற்றங்களிலும், புதிதாக வந்த ஏழைகளுக்கு 'ஊரை விட்டு வெளியேறு' என எச்சரிக்கை விடுக்கும் வழக்கம் இருந்தது. இந்தச் சிந்தனையுடன் வளர்ந்த நிர்வாகிகள்தான் பிற்காலத்தில் இந்திய நகரங்களுக்கும் விதிகளை எழுதினர்.

*தண்டு உருவான கதை*

ஆங்கிலேயர் தங்கள் படையை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்து மாற்றி, 1809ஆம் ஆண்டு பெங்களூரில் கன்டோன்மென்ட் அமைத்தனர். பெங்களூர் தமிழர் இன்றும் 'தண்டு' என்று சொல்லும் பகுதி இதுதான். படைக்குத் தேவையான சிப்பாய்கள், சமையற்காரர்கள், கொத்தனார்கள், சுமைதூக்குவோர், சிறு வணிகர்கள் என சென்னை மாகாணத்தில் இருந்து தமிழர்கள் திரளாக வந்தனர். இன்றைய சிவாஜிநகரை உள்ளடக்கிய பிளாக்பள்ளி, அவர்களது நெரிசலான குடியிருப்பாக வளர்ந்தது.

ஒரே ஊர் இரண்டாகப் பிரிந்தது. பேட்டை மைசூர் அரசின் கீழும், தண்டு ஆங்கிலேயரின் கீழும் இயங்கின. 1862ஆம் ஆண்டு இரண்டுக்கும் தனித்தனி நகராட்சிகள் அமைந்தன. 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இரண்டும் சேர்ந்து சுமார் 1.59 லட்சம் பேரே வசித்தனர். அதில் தண்டின் பங்கு பேட்டையை விட அதிகம். இவ்விரு நகராட்சிகளும் 1949ஆம் ஆண்டுதான் ஒரே மாநகராட்சியாக இணைக்கப்பட்டன. நான்கு தலைமுறைகளாக அங்கு வசித்த தமிழர்கள், ஊர் ஒன்றாகிய பிறகு 'வெளியிலிருந்து வந்தவர்கள்' எனப் பார்க்கப்பட்டதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம்.

*பஞ்சமும் பிளேக்கும்*

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் மைசூர் நாட்டை உலுக்கியது. 1871ஆம் ஆண்டு 50 லட்சமாக இருந்த மைசூரின் மக்கள்தொகை, 1881ஆம் ஆண்டு சுமார் 42 லட்சமாகச் சரிந்தது. கிராமங்களில் விளைச்சல் பொய்த்ததும் மக்கள் ஊர்களை நோக்கி நடந்தனர். கஞ்சித் தொட்டிகளும் நிவாரணப் பணிகளும் திறக்கப்பட்டன. பெங்களூரு - மைசூரு ரயில் பாதைப் பணி பஞ்ச நிவாரணமாகவும் அமைந்தது.

ஆனால், அக்கால நிவாரணம் ஐயத்துடனேயே வழங்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த விதிகளின்படி, நிவாரணப் பணியில் சேரும் கூலியாள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்துடன் சிறு தொகையே தரப்பட்டது. அதிலும், வேலை செய்யும் இடம் சொந்த ஊரில் இருந்து 10 மைல் தொலைவில் இருக்க வேண்டும் என நிபந்தனை விதிக்கப்பட்டது. உண்மையாகவே பசித்தவன்தான் அவ்வளவு தூரம் நடந்து வருவான் என்பது அதிகாரிகளின் கணக்கு. அவ்வளவு தூரம் நடக்க முடியாதவன்தான் மிகவும் பசித்தவன் என்பது அக்கணக்கில் விடுபட்டுப்போனது.

இருபது ஆண்டுகளுக்குப் பின், 1898ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிளேக் பெங்களூரை எட்டியது. நோய் ரயில் வழியாக வந்ததால், ரயிலில் வந்தவர் மீது பார்வை திரும்பியது. சென்னை மாகாணத்தில் நோய் பரவிய இடங்களில் இருந்து வருவோருக்கு 'பிளேக் பாஸ்போர்ட்' என்ற சீட்டு வழங்கப்பட்டு, அவர்கள் நாள்தோறும் அதிகாரிகள் முன் நேரில் வர வேண்டியிருந்தது. பெங்களூரில் ஊருக்கு வெளியே முகாம்கள் அமைக்கப்பட்டன. பிளாக்பள்ளி போன்ற நெரிசலான பகுதிகளில் வீடுகள் இடிக்கப்பட்டன.

பிளேக்கின் பின்விளைவாக வேகமாக வளர்ந்தவையே இன்று பெங்களூரின் பழமைப் பெருமையாகப் பேசப்படும் மல்லேஸ்வரமும் பசவனகுடியும். அகலமான தெருக்கள், காற்றோட்டமான மனைகள் கொண்ட இவ்விரு பகுதிகளும் சமூக வாரியாகப் பிரித்து வடிவமைக்கப்பட்டன. மனை வாங்கும் வசதி உள்ளவர் நோயில் இருந்து விலகிப் புதிய பகுதிக்குச் சென்றார். வசதியற்றவரின் வீடு, சுகாதாரத்தின் பெயரால் இடிக்கப்பட்டது. அவர் எங்கே போனார் என்பதற்கு நகரின் பெருமைக் கதைகளில் இடமில்லை.

*'நிராஷ்ரிதர்' என்ற சொல்*

இங்கு மொழி தொடர்பான ஒரு செய்தியைக் குறிப்பிடலாம். மாகடி சாலையில் சுமனஹள்ளி பகுதியில் அரசு மையம் ஒன்று உள்ளது. அதன் கன்னடப் பெயர் 'நிராஷ்ரிதர பரிஹார கேந்திரம்'. நேர்ப்பொருளில், புகலிடமற்றோர் நிவாரண மையம். ஆனால், நாளேடுகளிலும் மக்கள் பேச்சிலும் அது 'பெக்கர்ஸ் காலனி' ஆகிவிட்டது. முதல் பெயர் ஒருவரின் இழப்பைச் சொல்கிறது. இரண்டாவது பெயர் அவரைக் குற்றவாளி ஆக்குகிறது.

அந்த மையத்தின் பின்னுள்ள சட்டம், கர்நாடக பிச்சை எடுத்தல் தடைச் சட்டம், 1975. இந்தியாவில் இத்தகைய சட்டங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் 1959ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம், கை நீட்டுபவரை மட்டுமன்றி, கண்ணுக்குத் தெரியும் வாழ்வாதாரம் இல்லாமல் பொது இடங்களில் சுற்றித் திரிபவரையும் பிச்சைக்காரர் என வரையறுத்தது. வேலை தேடி நகருக்கு வந்து, முதல் சில இரவுகளைப் பேருந்து நிலையத்தில் கழிக்கும் ஒருவர் இந்த வரையறைக்குள் எளிதாக அடங்கிவிடுவார்.

கர்நாடகத்தில் சொத்து வரி செலுத்துவோர், இதற்கென 3 சதவீதம் செஸ் கட்டுகின்றனர். வரி ரசீதில் அந்த வரியைக் கவனிப்பவர்கள் குறைவு. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டில், சுமனஹள்ளி மையத்தில் அடுத்தடுத்து பலர் உயிரிழந்த செய்தி வெளியானபோதுதான், அந்த மதிலுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நகரம் கேட்கத் தொடங்கியது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கும் சட்டப் பிரிவுகளை டெல்லி உயர் நீதிமன்றம் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டில் டெல்லி அளவில் ரத்து செய்தது. கர்நாடகத்துக்கு அத்தீர்ப்பு பொருந்தாது.

*சேலம் பேருந்தில் ஏற்றப்பட்ட தொழிலாளி*

நகர்ப்புற ஏழைகளின் உரிமை குறித்து இந்தியாவில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் வழக்கில், தமிழகத் தொழிலாளி ஒருவர் மனுதாரராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. சேலம் பகுதியைச் சேர்ந்த நிலமற்ற அந்தத் தொழிலாளி, 1961ஆம் ஆண்டு வேலை தேடி மும்பைக்குச் சென்று, சாலையோரக் குடிசையில் வசித்து வந்தார். 1981ஆம் ஆண்டு ஜூலையில் அக்குடிசை இடிக்கப்பட்டு, அவர் சேலம் செல்லும் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். குடும்பத்தினரும் அனுப்பப்பட்டனர். பிழைக்க வழியின்றி அவர் மீண்டும் மும்பைக்கே திரும்பினார்.

இருபது ஆண்டுகள் உழைத்த ஊர் ஒரே நாளில் அவரை 'சொந்த ஊருக்கு' அனுப்பியது. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் 40 நாள் விதியிலாவது ஒரு காலக்கெடு இருந்தது.

'ஓல்கா டெல்லிஸ் வழக்கு' என்று அறியப்படும் இந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1985ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்றது அத்தீர்ப்பு. அதே தீர்ப்பு, நடைபாதைகளில் குடியிருக்க எவருக்கும் உரிமையில்லை எனவும் கூறியது. 1976ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தரப்பட வேண்டும் என்றும் குறிப்பிட்டது. 1976இல் வந்தவருக்கு ஒரு நீதி, 1977இல் வந்தவருக்கு வேறொரு நீதி என்றானது. அன்று முதல் 'கட்-ஆஃப் தேதி' என்பது இந்திய நகரங்களின் குடிசைக் கொள்கையில் நிலைத்துவிட்டது.

*ஈஜிபுராவில் எஞ்சியவர்கள்*

பெங்களூரில் இந்தக் கோடு எப்படிப் பிரிக்கும் என்பதற்கு, கோரமங்களா அருகே உள்ள ஈஜிபுரா தெளிவான எடுத்துக்காட்டு. பொருளாதாரத்தில் பின்தங்கியோருக்காக மாநகராட்சி அங்கு கட்டிய 1,500க்கும் மேற்பட்ட சிறு வீடுகள் காலப்போக்கில் பழுதடைந்தன. அந்த நிலத்தில் தனியார் பங்களிப்புடன் வணிக வளாகமும் புதிய குடியிருப்பும் கட்டத் திட்டமிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜனவரியில், அங்கிருந்த தகரக் கொட்டகைகள் இடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் சாலைக்கு வந்தனர்.

தொடக்கத்தில் வீடு ஒதுக்கீடு பெற்றவர்களுக்கு மட்டும் புதிய வீட்டுக்கான உரிமை ஏற்கப்பட்டது. அவர்களிடம் வாடகைக்கு இருந்தவர்களும் பின்னர் வந்து குடியேறியவர்களும் பட்டியலில் இல்லை. ஒரே சந்தில் பல ஆண்டுகள் அடுத்தடுத்து வசித்து, அருகிலுள்ள அடுக்குமாடி வீடுகளில் ஒரே வேலையைச் செய்தவர்களை ஒதுக்கீட்டுக் கடிதம் என்ற ஒரு தாள் இரண்டாகப் பிரித்தது.

காகிதம் இருந்தாலும் போதாது என்பதைக் காட்டியது கரியம்மன அக்ரஹாரா. 2020ஆம் ஆண்டு ஜனவரியில், பெள்ளந்தூர் அருகே உள்ள அப்பகுதியில் வங்கதேசத்தவர் சட்டவிரோதமாகத் தங்கியிருப்பதாகக் கூறப்பட்டு, குடிசைகள் இடிக்கப்பட்டன. அங்கு வசித்தவர்களில் வடகிழக்கு மாநிலத்தவருடன், வட கர்நாடகத்தில் இருந்து வந்த கன்னடர்களும் இருந்தனர். அடையாள அட்டைகளை அவர்கள் காட்டியபோது வீடுகள் இல்லை. சட்ட நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று கர்நாடக உயர் நீதிமன்றம் பின்னர் கண்டித்தது. சொந்த மாநிலத்தின் தலைநகரிலேயே ஒருவர் அந்நியராக முடியும் என்றால், இங்கு 'புதியவர்' என்ற சொல் பெரும்பாலும் 'ஏழை' என்பதன் மறுபெயர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

*போகச் சொன்ன ஊர், போகவிடாத ஊர்*

கன்னடத்தில் மனிதர்களின் இடப்பெயர்வை 'வலசெ' என்கின்றனர். தமிழில் 'வலசை' என்றால் முதலில் நினைவுக்கு வருவது பறவைகள். பருவம் மாறினால் பறவை திரும்பிவிடும். மனிதர்களிடமும் அதை எதிர்பார்க்கும் தருணங்கள் பெங்களூரில் வந்துள்ளன.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு 1991ஆம் ஆண்டு டிசம்பரில் அரசிதழில் வெளியானதைத் தொடர்ந்து, நகரில் தமிழர்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. பலர் குடும்பத்துடன் தமிழகத்துக்குத் திரும்பினர். அதே ஆண்டு அல்சூர் ஏரிக்கரையில் நிறுவப்பட்ட திருவள்ளுவர் சிலை, 2009ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்படும் வரை 18 ஆண்டுகள் மூடியே இருந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில், குறுஞ்செய்திகளாகப் பரவிய வதந்தியால் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் குவஹாத்தி ரயில்களில் ஏறினர். அப்போது கர்நாடக அரசும் காவல்துறையும் அவர்களைப் போக வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டதையும் பதிவு செய்ய வேண்டும்.

கொரோனா ஊரடங்கின்போது நிலைமை தலைகீழானது. 2020ஆம் ஆண்டு மே முதல் வாரத்தில், கட்டுமான நிறுவனத்தினருடன் முதல்வர் ஆலோசனை நடத்தியதை அடுத்து, புலம்பெயர் தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்களை ரத்து செய்யுமாறு கர்நாடக அரசு ரயில்வேயைக் கேட்டுக்கொண்டது. கட்டுமானப் பணிகளுக்கு ஆள் தேவை என்பதே காரணம். கடும் எதிர்ப்புக்குப் பின் ஓரிரு நாட்களில் அம்முடிவு கைவிடப்பட்டது. தங்குவதற்கு உரிமை தராத ஊர், புறப்படவும் அனுமதிக்கவில்லை. கைவேலை வேண்டும், ஆள் வேண்டாம் என்ற பழைய பேட்டையின் மனப்பான்மை இவ்வளவு வெளிப்படையாக அரசு ஆணையாக வந்தது அரிது.

*15 ஆண்டு நிபந்தனை*

அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு, இந்தியாவின் எப்பகுதியிலும் வசிக்கவும் குடியேறவும் குடிமக்களுக்கு உரிமை அளிக்கிறது. இருப்பினும் காலக்கணக்கு வேறு வடிவங்களில் திரும்பி வருகிறது.

தனியார் நிறுவனங்களில் நிர்வாகப் பணிகளில் 50 சதவீதமும், மற்ற பணிகளில் 70 சதவீதமும் உள்ளூர்வாசிகளுக்கு ஒதுக்கும் மசோதாவுக்கு கர்நாடக அமைச்சரவை 2024ஆம் ஆண்டு ஜூலையில் ஒப்புதல் அளித்தது. கர்நாடகத்தில் பிறந்து, 15 ஆண்டுகள் வசித்து, கன்னடம் பேச, படிக்க, எழுதத் தெரிந்தவரே உள்ளூர்வாசி என மசோதா வரையறுத்தது. தொழில்துறையின் எதிர்ப்பால் சில நாட்களிலேயே அது நிறுத்தி வைக்கப்பட்டது. 75 சதவீத ஒதுக்கீடு கோரிய இதே போன்ற ஹரியானா சட்டத்தை, பஞ்சாப் - ஹரியானா உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு நவம்பரில் ரத்து செய்திருந்தது.

உள்ளூர் இளைஞர்களின் வேலைக் கவலை பொய்யானதன்று. 1941ஆம் ஆண்டு சுமார் 4 லட்சமாக இருந்த நகரின் மக்கள்தொகை, 2011ஆம் ஆண்டு 84 லட்சத்தைத் தாண்டியது. நிலம், நீர், வாடகை எல்லாவற்றிலும் அதன் சுமையை முதலில் உணர்பவர்கள் உள்ளூர் ஏழைகளே. மசோதாவை நிறுத்த வைத்தது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் குரல். கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் அந்த விவாதத்தில் குரல் இருக்கவில்லை.

*உணவகமும் பேருந்தும்*

பழைய சத்திரத்தின் இயல்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2017ஆம் ஆண்டு ஆகஸ்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்திரா உணவகத்தில் காலைச் சிற்றுண்டி 5 ரூபாய், மதிய உணவு 10 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. தமிழகத்தின் அம்மா உணவகத்தைப் போலவே, இங்கும் வரிசையில் நிற்பவரிடம் எந்த மாநிலம் என்று யாரும் கேட்பதில்லை.

பேருந்தில் கேட்கிறார்கள். 2023ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் தேதி தொடங்கிய 'சக்தி' திட்டத்தின்கீழ், கர்நாடகத்தில் வசிக்கும் பெண்கள் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். கர்நாடக முகவரி கொண்ட அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். மாநில வரிப்பணத்தில் நடக்கும் திட்டம் மாநிலத்தவருக்கே என்பது அரசுத் தரப்பு நியாயம். தமிழகத்தின் 'விடியல் பயணம்' திட்டத்தில் சாதாரண நகரப் பேருந்தில் ஏறும் எந்தப் பெண்ணிடமும் முகவரி கேட்கப்படுவதில்லை.

ஓசூர் முகவரி கொண்ட ஆதார் அட்டையுடன் பெங்களூரில் வீட்டு வேலைக்குச் செல்லும் பெண், அத்திப்பள்ளியைத் தாண்டியதும் பயணச்சீட்டு வாங்க வேண்டும். அதே இருக்கையில் பக்கத்தில் அமர்ந்து, அதே வேலைக்குச் செல்லும் பெண்ணிடம் ஆனேக்கல் முகவரி இருந்தால் வேண்டியதில்லை. முகவரியை மாற்றலாம்தான். அதற்கு வாடகை ஒப்பந்தம் தேவை. வாடகை ஒப்பந்தம் எழுதித் தர, மாதக் கூலிக்காரருக்கு வீடு கொடுக்கும் உரிமையாளர்கள் பலர் முன்வருவதில்லை.